அடிப்பிடித்த ஏதனங்களை மேற்பரப்புக் கெடாமல் துலக்குவது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வசிக்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை பால்புக்கை பொங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசி முடித்துக் குசினிக்குத் திரும்புவதற்குள் எவர்சில்வர் பானையில் புக்கை அடிப்பிடித்துக் கருகிவிட்டது. மேலே இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுப் பார்த்தால், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டிக் கரி, அதைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு வளையம், விளிம்பை நோக்கிப் போகப்போக மஞ்சளாக ஒட்டிய பாற்படை. கரண்டியின் விளிம்பால் சுரண்டிப் பார்த்தேன். கரி அசையவில்லை, பானையில்தான் ஒரு கீறல் விழுந்தது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அப்பச்சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் எந்தக் கருகலும் கழன்றுவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்திருந்தேன். பானையில் செய்வதற்கு முன் வேறொன்றில் செய்து பார்ப்போம் என்று நினைத்து, சீனிச் சம்பல் கிளறி அடிப்பிடித்திருந்த அலுமினியத் தாச்சியில் தண்ணீரும் மூன்று மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் விட்டு அரைமணி நேரம் கொதிக்க வைத்தேன். கருகல் பெரும்பாலும் கழன்றது உண்மைதான். ஆனால் தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் தாச்சியின் உட்புறம் முழுவதும் பென்சிற் கரியால் தீட்டியது போலக் கறுத்துவிட்டது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியிலும் சாம்பல் நிறம் ஒட்டுகிறது.

அது அம்மாவின் தாச்சி. 95ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது முதலில் சாவகச்சேரிக்கும் பிறகு கொழும்புக்கும் எங்களோடு வந்து சேர்ந்த மிகச் சில பொருட்களில் ஒன்று. அம்மா எதுவும் சொல்லவில்லை. தாச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அதனால்தான் மிகவும் கவலையாக இருக்கிறது. தேசிக்காயும் பழப்புளியும் போட்டால் எந்த ஏதனமும் வெளுக்கும் என்பது அம்மாவின் முறை. அதன்படி பானையில் தேசிக்காய்ச் சாறு பிழிந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தும் கரி அப்படியே இருக்கிறது.

தாச்சி நிரந்தரமாகப் பழுதாகிவிட்டதா? அதில் இனிச் சமைக்கலாமா? பானையின் கரியை இன்னொரு கீறலும் விழாமல் எடுப்பது எப்படி? வீட்டில் உள்ள நான்ஸ்டிக் தோசைத் தட்டிலும் மண்ணிறமாகப் பிசின் போன்ற ஒரு படை ஏறியிருக்கிறது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்

வணக்கம் மகள். முதலில் தாச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அது பழுதாகவில்லை. அதை மீட்டெடுக்கும் பொருளும் அம்மாவின் கையிலேயே இருக்கிறது.

அலுமினியத்தின் மேற்பரப்பில் எப்போதும் ஒட்சைட்டுப் படை ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய அந்தப் படைதான் உலோகத்தைக் காக்கிறது. அமிலத்தையும் காரத்தையும் நீண்ட நேரம் தாங்க அதனால் முடியாது. குறிப்பாகச் சூடான காரத்துக்கு விரைவில் கரைந்துவிடும். நீங்கள் போட்ட அப்பச்சோடா, அதாவது சோடியம் இருகாபனேற்று, குளிர்ந்த தண்ணீரில் மிக மென்மையான காரம். ஆனால் அதைக் கொதிக்க வைக்கும்போது காபனீரொட்சைட்டு குமிழ் குமிழாக வெளியேறி, எஞ்சுவது படிப்படியாகச் சோடியம் காபனேற்றாக, சலவைச்சோடாவாக மாறுகிறது. காரம் வலுக்க வலுக்க ஏறும் அளவான பிஎச் பெறுமானம் அப்பச்சோடாக் கரைசலுக்கு ஏறக்குறைய 8.3, சலவைச்சோடாவுக்கு அது 11ஐ ஒட்டியிருக்கும். ஆகவே நீங்கள் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட பொருள் வேறு, அரைமணி நேரத்தின் பின் தாச்சியில் இருந்த பொருள் வேறு. அந்தக் காரம் ஒட்சைட்டுப் படையை அரித்தது; அதன் இடத்தில் ஒழுங்கற்ற, கருஞ்சாம்பல் நிறமான படை ஒன்று படிந்தது. துணியில் ஒட்டுவது அதுதான்.

அதை எடுக்க, ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி என்ற அளவில், கறுத்த மட்டத்துக்குச் சற்று மேலாகத் தண்ணீர் நிற்கும்படி ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்க வையுங்கள். பழப்புளி கரைத்த நீரும் இதே வேலையைச் செய்யும். அதில் உள்ள தாத்தாரிக் அமிலம் அலுமினியத்தை வெளுக்க வைப்பதில் பேர்போனது. நிறம் கண்முன்னே வெளிறிவரும். பிறகு மெல்லிய பஞ்சாலும் சவர்க்காரத்தாலும் கழுவி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள். புதுத் தாச்சியின் பளபளப்பு வராமல் போகலாம், ஆனால் துணியில் நிறம் ஒட்டாது. சமைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. புளிக்கறியைத் தாச்சியிலேயே இரவு முழுவதும் விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அம்மாவின் முறை பானையில் ஏன் பலிக்கவில்லை என்று கேட்டால், அதற்கும் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் இருக்கிறது. அங்கே கிணற்று நீர் வன்னீர். கேத்தலிலும் சோற்றுப் பானையிலும் வெள்ளையாய்ப் படியும் படை கல்சியம் காபனேற்று. தேசிக்காயும் புளியும் அதை நுரைக்கக் கரைத்துவிடும். கொழும்புக்குக் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் நீர் மென்னீர். இங்கே கேத்தலில் அந்தப் படை அநேகமாகப் படிவதே இல்லை. ஆகவே அம்மா தவறாகச் சொல்லவில்லை. அவர் வாழ்நாளில் துலக்கிய படை சுண்ணாம்பு; உங்கள் பானையில் இருப்பது கருகிய மாப்பொருளும் பாற்புரதமும். சுண்ணாம்பு அமிலத்துக்குக் கரையும். கருகிய உணவும் எண்ணெய்ப் பிசினும் காரத்துக்குத்தான் இளகும்.

எனவே தாச்சியில் செய்ததைப் பானையிலும், பானையில் செய்ததைத் தாச்சியிலும் செய்திருக்க வேண்டும். எவர்சில்வரில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் உருவாகும் குரோமியம் ஒட்சைட்டுப் படைக்கு அப்பச்சோடாவால் ஒரு தீங்கும் இல்லை. கரி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா சேர்த்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, மூடி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கரியின் விளிம்பு சுருண்டு எழும்பியிருக்கும். மரக்கரண்டியால் அந்த விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தள்ளினால் செதிலாகக் கழன்றுவரும். எழும்பாத இடத்தைச் சுரண்ட வேண்டாம். தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை கொதிக்க வையுங்கள். மஞ்சளாய் ஒட்டிய பாற்படைக்கு மட்டும் இரண்டு படியும் தேவைப்படும், ஏனென்றால் பாலில் புரதத்தோடு கல்சியம் உப்புகளும் இருக்கின்றன. பால் தொழிற்சாலைகளிலும் குழாய்களை முதலில் காரத்தாலும் பிறகு அமிலத்தாலும் கழுவுவது இதற்காகத்தான். கரி போன பிறகு பானையை நன்றாக அலசிவிட்டு, சிறிது வினாகிரியைச் சூடாக்கி அந்த இடத்தில் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

எவர்சில்வருக்குக் கேடு செய்வது குளோரைட்டு. உடுப்பு வெளுக்கப் பயன்படும் குளோரின் திரவத்தை ஒருபோதும் அதில் ஊற்றி ஊறவைக்காதீர்கள். ஊசிக் குத்து அளவான குழிகள் விழும், அவற்றை மீட்க முடியாது. அதே திரவம் வினாகிரியோடு சேர்ந்தால் நச்சு வாயு எழும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பதில்: தெஹிவளையிலிருந்து ஒரு சமையற்காரர்

ஐயா சொன்னவற்றை இரசாயனமாக எனக்குத் தெரியாது, ஆனால் கை அனுபவமாக அவை எல்லாம் சரி. கலியாண வீடுகளுக்கும் கோயில் அன்னதானங்களுக்கும் இருபத்தைந்து வருடமாகச் சமைக்கிறேன். கிடாரத்தில் அடிப்பிடிக்காத வருடம் ஒன்றும் இல்லை. துலக்குகிற நேரத்தில் செய்யும் பிழையை விட, அடிப்பிடித்த அந்த முதல் ஐந்து நிமிடத்தில் செய்யும் பிழைதான் ஏதனத்தைக் கெடுக்கிறது என்பது நான் கண்டது.

கருகல் மணம் எழுந்தவுடன் எல்லோரும் அகப்பையை விட்டுக் கிண்டுவார்கள். அப்படிச் செய்தால் கரி புக்கையிலும் கலந்துவிடும், அடியும் இன்னும் இறுகும். கிண்டாமல் மேலே உள்ளதை அள்ளி எடுத்துவிட வேண்டும். அடுத்து, சுடச்சுட இருக்கும் வெற்றுப் பானையைக் குழாயின் கீழ் பிடிக்கக் கூடாது. அந்தச் 'சுர்' என்ற சத்தத்தோடு பானையின் அடி நெளிந்துபோகும். நெளிந்த அடி அடுப்பில் சமமாக உட்காராது. சூடு ஒரு பக்கத்திலேயே ஏறும். அடுத்த முறையும் அதே இடத்தில்தான் அடிப்பிடிக்கும். எனாமல் பூசிய பாத்திரமாக இருந்தால் பூச்சு வெடித்துச் சில்லாகப் பறக்கும். பானை தானாக ஆறட்டும், அல்லது உடனடியாகத் தண்ணீர் விடத்தான் வேண்டும் என்றால் கொதிநீர் விடுங்கள். கரி காய்ந்து இறுகுவதற்கு முன் தண்ணீர் அதன் மேல் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சுரண்டுவதற்கு நான் கையில் வைத்திருப்பது சிரட்டைத் துண்டு. முற்றிய தேங்காயின் சிரட்டையை உடைத்து, வளைவான விளிம்பை அரத்தால் சற்று ராவி எடுத்தால், பானையின் மூலைக்குள் சரியாகப் போய் உட்காரும். அது உலோகத்தை விட மென்மையானது. கரியைத் தள்ளும், பானையைக் கீறாது. விளிம்பு மழுங்கினால் எறிந்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். தேய்ப்பதற்குத் தேங்காய்ப் பொச்சை அடித்துப் பிரித்த தும்பு போதும். கடைகளில் கிடைக்கும் பச்சை நிறத் தேய்ப்பானை எல்லாவற்றுக்கும் பாவிக்கிறார்கள். அதில் அரத்தூள் போன்ற ஒரு பொருள் ஒட்டியிருக்கிறது, கையால் தடவினாலே தெரியும். பானையின் வெளிப்புறத்துக்கு அது பரவாயில்லை, உட்புறத்துக்கு வேண்டாம். கம்பித் தும்பின் சிறு துகள்கள் எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு, இரண்டு நாளில் துருப் புள்ளிகளாகத் தெரியும்; பானை துருப்பிடித்துவிட்டது என்று வீட்டில் பயந்துவிடுவார்கள்.

தங்கச்சி, உங்கள் பானையில் விழுந்த கீறல் மெல்லியதென்றால் அதை மறைக்க முயன்று சுற்றிவரத் தேய்க்காதீர்கள். பானையின் உள்ளே உற்றுப் பார்த்தால் மெருகேற்றிய ரேகைகள் ஒரே போக்கில் ஓடுவது தெரியும். துலக்கும்போது கையை எப்போதும் அந்தப் போக்கிலேயே விட்டால், காலப்போக்கில் கீறல் அதற்குள் அடங்கிவிடும்.

பதில்: மருதானை வாசகர்

எங்கள் வீட்டில் அப்பச்சோடாவைக் கருகிய இடத்தில் தூவி அதன் மேல் வினாகிரியை ஊற்றுவோம். நுரை பொங்கிக் கரியைத் தூக்கிவிடும். இரண்டையும் தனித்தனியாகச் செய்வதற்குப் பதிலாக இப்படி ஒரே தடவையில் முடித்துவிடலாமே? இரவு முழுவதும் காத்திருக்க எல்லோருக்கும் நேரம் இல்லை.

பதில்: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்

தம்பி, அந்த நுரையைப் பார்த்தால் பெரிய வேலை நடப்பது போலத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் அங்கே நடப்பது அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதுதான். நுரை காபனீரொட்சைட்டு, அது அடங்கிய பிறகு எஞ்சும் நீரில் சோடியம் அசற்றேற்று என்ற உப்பு இருக்கும். அதற்குக் கரியை இளக்கும் வலிமையும் இல்லை, சுண்ணாம்பைக் கரைக்கும் வலிமையும் இல்லை. இலேசாக ஒட்டிய துணுக்குகளைக் குமிழிகள் அசைத்துவிடலாம். கட்டிக் கரியில் அது செல்லாது. உங்கள் வீட்டில் அது பலித்திருந்தால், கரையாமல் எஞ்சிய சோடாத் தூளை வைத்து நீங்கள் தேய்த்ததுதான் வேலை செய்திருக்கும். அந்தத் தூள் எவர்சில்வரை விட மென்மையானது, அதனால் கீறல் விழுந்திருக்காது.

நேரம் இல்லையென்றால், கொதிக்க வைத்த சோடா நீர் வெதுவெதுப்பாக ஆறியதும் உடனே தும்பால் தேய்த்துப் பாருங்கள், பாதி போய்விடும். மீதியை அடுத்த நாள் சமையலுக்கு முன் மறுபடி செய்யலாம். அவசரத்துக்காகக் கோஸ்டிக் சோடாவோ, கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுக்கும் தூளோ பாவிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்ணுக்கும் தோலுக்கும் அது ஆபத்து. அலுமினியத்தில் பட்டால் ஐதரசன் வாயுவை வெளிவிட்டபடி உலோகத்தையே தின்னும்.

நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலையும் பொச்சையும் வைத்து வெண்கலமும் இரும்பும் துலக்கினார்களே, அதுவும் இதே முறைதான். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. அது சலவைச்சோடாவுக்கு நெருங்கிய உறவு. அவர்கள் காரத்தையும் மெல்லிய தும்பையும் சேர்த்தே பாவித்தார்கள். அலுமினியம் வீடுகளுக்குள் வந்த பிறகும் அதே சாம்பலால் தேய்த்ததால்தான் பழைய அலுமினியப் பானைகள் பல கறுத்துப்போயின.

பதில்: பம்பலப்பிட்டி வாசகி

நான்ஸ்டிக் தட்டைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். அதில் உள்ள மண்ணிறப் பிசின் கருகிய உணவு அல்ல, மீண்டும் மீண்டும் சூடாகி இறுகிய எண்ணெய். தட்டில் தண்ணீர் நிரப்பிச் சில துளி பாத்திரச் சவர்க்காரம் விட்டு மெதுவாகக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு பஞ்சின் மென்மையான பக்கத்தால் தேயுங்கள். போகாத இடத்தில் அப்பச்சோடாவைத் தண்ணீர் விட்டுக் களி போலக் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் விட்டு விரல் நுனியால் தேய்க்கலாம். தட்டின் அடி அலுமினியம் என்பதால் இங்கே சோடாவைக் கொதிக்க வைக்காதீர்கள்.

இதை விட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பூச்சு பொதுவாக பிரிஎப்ஈ என்ற பிளாஸ்திக்கு வகை. 260 பாகை செல்சியசுக்கு மேல் அதைச் சூடாக்கக் கூடாது. எண்ணெயோ மாவோ இல்லாத வெறுந்தட்டை எரிவாயு அடுப்பின் முழுத் தீயில் வைத்தால், சில நிமிடங்களிலேயே அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். கருகலை எரித்து எடுக்கிறேன் என்று சிலர் தட்டைக் காயவிடுவது இதனால்தான் மிகவும் ஆபத்தானது. எங்கள் வீட்டில் பலகணியில் இரண்டு சிறு கிளிகள் இருக்கின்றன. அளவுக்கு மீறிச் சூடான பூச்சிலிருந்து எழும் புகை மனிதரை விடப் பறவைகளை மிக விரைவில் கொல்லும் என்று அறிந்த நாளிலிருந்து, அடுப்பில் தட்டு இருக்கும்போது நான் குசினியை விட்டு விலகுவதில்லை. பூச்சு உரியத் தொடங்கிய தட்டைத் துலக்கிப் பயன் இல்லை. அதை மாற்றிவிடுங்கள்.

பதில்: கிருலப்பனை வாசகர்

பானையின் வெளிப்புறத்துக்கு ஒரு சிறு குறிப்பு. 2022இல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் நாங்களும் வீட்டின் பின்பக்கத்தில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். அப்போது எங்கள் எவர்சில்வர் பானைகள் எல்லாம் வெளியே தார் பூசியது போல ஆகின. பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லித்தந்த பிறகுதான், அடுப்பில் ஏற்றுவதற்கு முன் பானையின் வெளிப்புறத்தில் சவர்க்காரக் கட்டியை ஈரமாக்கித் தடவிவிடும் முறையைக் கற்றுக்கொண்டோம். கரி சவர்க்காரத்தின் மேல் படியும், கழுவும்போது இரண்டும் சேர்ந்து வழிந்துவிடும்.

பதில்: வெள்ளவத்தை வாசகி

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி தாச்சியை முதலில் எடுத்தேன். தேசிக்காய் கைவசம் இரண்டுதான் இருந்ததால் பழப்புளியைக் கரைத்து ஊற்றினேன். கொதி வந்து ஐந்தாவது நிமிடத்தில் தண்ணீர் மங்கலாகத் தொடங்கியது. பதினைந்தாவது நிமிடத்தில் இறக்கி ஊற்றிப் பார்த்தபோது, கறுப்புப் போய் மங்கலான வெள்ளி நிறம் வந்திருந்தது. கழுவிய பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி சுத்தமாக இருந்தது. அம்மாவிடம் புளி போட்டதாகச் சொன்னபோது, 'நான் அப்பவே சொன்னனே' என்றார். அன்று இரவே அதில் வெங்காயம் வதக்கினார்.

பானைக்கு இரண்டு இரவுகள் தேவைப்பட்டன. முதல் நாட் காலையில் மண்ணிற வளையம் முழுவதும், கரியில் பாதியும் செதிலாகக் கழன்றன. இரண்டாம் நாள் மீதியைச் சிரட்டைத் துண்டால் தள்ளினேன். கரி ஒரே தகடாக, ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கழன்று வந்தது. புதிய கீறல் ஒன்றும் இல்லை. இப்போது அந்த இடத்தில் நீலமும் மஞ்சளுமாக வானவில் போன்ற ஒரு நிறம் தெரிகிறது. அது கெடுதலா?

பதில்: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்

கெடுதல் இல்லை மகள். அளவுக்கு மீறிச் சூடான இடத்தில் குரோமியம் ஒட்சைட்டுப் படை சற்றுத் தடித்துவிட்டது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் நிறங்கள் தெரிவது போல அந்தத் தடிப்பில் ஒளி பட்டு நிறம் தெரிகிறது. வினாகிரியில் நனைத்த துணியால் ரேகைகளின் போக்கில் துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தாலும் சமையலுக்குப் பாதகம் இல்லை. அடுத்த முறை புக்கை பொங்கும்போது உப்பை வெறும் குளிர்நீரில் போட்டு அடியில் தங்கவிடாமல், கொதி வந்த பிறகு போட்டுக் கரைத்துவிடுங்கள். உப்பும் முன்பு சொன்ன குளோரைட்டுத்தான்; உப்புக் கல் அடியில் கிடந்த இடத்தில்தான் எவர்சில்வரில் புள்ளிக் குழிகள் விழத் தொடங்கும்.